ஏலமலைச் சாரலில் இயற்கைச் சேதமும் சர்க்கார் நிவாரணமும்

உழவுத் தொழில் ஏனைத் தொழில்களைப் போன்றதன்று. வணிகன் தன் சரக்கைக் கிடங்கிலிட்டுப் பூட்டி வைக்கலாம். உழவனோ தன் முதல் முழுவதையும் வானத்தின்கீழ்ப் பரப்பிவைத்துவிட்டு அதன் கருணையை எதிர்பார்த்திருக்க வேண்டியவன். மழை தவறினாலும், மிகுந்தாலும், காற்றுச் சீறினாலும் அவன் ஒரு பருவத்து இலாபத்தோடு அடுத்த பருவத்துக்கு வேண்டிய விதைமுதலையும் சேர்த்தே இழக்கின்றான். இத்தகைய காலங்களில் அரசாங்கத்தார் குடிகளுக்குச் செய்துவந்த உதவி எவ்வெவ்வுருவில் இருந்தது, யாருக்குக் கிட்டிற்று, யாருக்குக் கிட்டாது போயிற்று என்பதை, நம் போடிநாயக்கனூரையும் அதன் மேற்கே எழுந்து நிற்கும் ஏலமலைச் சாரலையும் முன்வைத்து ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். நம்மவருள் தோட்டமுடையாரும், குத்தகைக்கெடுத்துப் பயிரிடுவோரும், கூலிக்கு மலையேறுவோரும், காய் வாங்கி விற்போரும் உளர். ஆதலின் இவ்விஷயம் நம் சங்கத்துக்குப் புறம்பானதென்று எவரும் கருதார்.

இடமும் பயிரும்

போடி மழைமறைவுப் பிரதேசத்தில் அமைந்த ஊர். கொட்டக்குடி ஆறும் கண்மாய்களும் கிணறுகளுமே அதன் வயல்களுக்கு ஆதாரம். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் கீழ்நாட்டில் வறட்சி. ஊருக்கு மேற்கே 17 கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைந்தால் நிலைமை முற்றும் வேறு. அங்கே தென்மேற்குப் பருவமழையே அரசு செலுத்துவது. அம்மழை அளவோடு பெய்தால் ஏலச்செடி தழைக்கும். விடாது கொட்டினால் அழுகல் நோய் கண்டு தூரோடு வீழும். கோடை நீண்டால் சரம் விடாது காயும். ஆகவே ஒரே குடும்பத்தார் கீழே வறட்சியினாலும் மேலே பெருமழையினாலும் ஒரே வருஷத்தில் நஷ்டமடைதல் கூடும்.

இன்னுமொன்று கவனிக்கத்தக்கது. நெல் அழிந்தால் அடுத்த பருவத்தில் மறுபடி நடலாம். ஏலச்செடியோ நட்ட மூன்றாம் வருஷத்தில்தான் பலன் கொடுக்கத் தொடங்கும். செடி அழிந்தவனுக்கு மூன்று வருஷ வரும்படி அழிந்தது என்பதே பொருள். நிவாரணக் கணக்கில் இவ்வேற்றுமை எவ்வளவு மதிக்கப்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

ஜமீன் காலம்

திண்டுக்கல் சீமை 1792ஆம் வருஷத்து ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திப்பு சுல்தானிடமிருந்து கும்பெனியார் கைக்கு வந்தது. போடிநாயக்கனூர்ப் பாளையமும் அச்சீமையைச் சார்ந்ததே. பின்னர் அது ஜமீனாக நிலைபெற்றது. ஜமீந்தார் சர்க்காருக்குச் செலுத்தவேண்டிய பேஷ்குஷ் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் மாறாத தொகை. அங்ஙனமிருக்க, விளைவு குறைந்த வருஷத்தில் குடிகளின் தீர்வையைத் தள்ளிக் கொடுப்பது ஜமீந்தாருடைய மனவிரக்கத்தைப் பொறுத்ததேயன்றிக் குடிகளின் உரிமையாக இருக்கவில்லை. 1908ஆம் வருஷத்துச் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் ஜமீன் குடிகளுக்கு நிலத்தின்மீது நிலையான அனுபோக பாத்தியதையை உறுதி செய்தது. என்றாலும் பஞ்சகாலத்து உதவியில் அவர்கள் ரயத்துவாரிக் குடிகளுக்குச் சமமாகவில்லை. 1948ஆம் வருஷத்து ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின் பின்னரே சர்க்காருக்கும் குடிக்கும் நேர்முகமான சம்பந்தம் ஏற்பட்டது.

வஜாவும் தக்காவியும்

ரயத்துவாரிக் கிராமங்களில் வழங்கிய பழைய உதவி ‘வஜா’ எனப்படும் தீர்வைத் தள்ளுபடியாகும். நஞ்சையில் நீரின்றிப் பயிர் சாவியாய்ப் போனால் கர்ணம் அடங்கலில் எழுதுவார்; மேலதிகாரி தணிக்கை செய்வார்; ஜமாபந்தியில் அந்நிலத்துத் தீர்வை தள்ளப்படும். புஞ்சைக்கு இவ்வுதவி சாதாரணமாய் இல்லை. புஞ்சைத் தீர்வை குறைவாதலால் நல்ல வருஷத்து இலாபம் கெட்ட வருஷத்து நஷ்டத்தைச் சரிக்கட்டிவிடும் என்பது அக்காலத்துத் துரைத்தனத்தார் கொள்கை. வஜாவினால் குடியானவன் கையில் ஒரு காசும் வந்ததில்லை. கொடுக்கவேண்டியதைக் கொடாதிருக்க அனுமதி பெற்றான், அவ்வளவே.

1876 முதல் 1878 வரை சென்னை இராஜதானியைப் பாழாக்கிய தாது வருஷப் பஞ்சம் இக்கொள்கையின் போதாமையை உலகறியச் செய்தது. இலட்சக்கணக்கான ஜனங்கள் மாண்டனர். செலவைச் சுருக்குமாறு இந்திய சர்க்காரால் அனுப்பப்பட்ட ஸர் ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் போதுமென்று விதித்தார். உயிர் தரிப்பதற்கு அது போதாதென்று இராஜதானியின் சுகாதாரக் கமிஷனராகிய கார்னிஷ் வாதாடினார். பின்னர் அளவு உயர்த்தப்பட்டது. ஒரு கூலியாளின் உயிருக்கு எவ்வளவு அரிசி என்று இரண்டு அதிகாரிகள் வழக்காடிய அந்நாட்களை நினைக்குங்கால் நெஞ்சம் பதைக்கின்றது.

பஞ்சத்தின் பின் 1880இல் பஞ்சக் கமிஷனின் அறிக்கை வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து 1883இல் நில அபிவிருத்திக் கடன் சட்டமும், 1884இல் விவசாயிகள் கடன் சட்டமும் ஏற்பட்டன. முன்னது கிணறு வெட்டவும் கரை கட்டவும். பின்னது விதையும் மாடும் வாங்கவும், துன்பகாலத்தில் தாங்கவும். இவற்றின்படி கொடுக்கப்பட்ட பணமே ‘தக்காவி’ என வழங்கியது. வலுவூட்டல் என்பது அச்சொல்லின் பொருள். ஆயினும் தக்காவி கடனேயன்றிக் கொடையன்று. தவணை தவறினால் நிலவரிப் பாக்கியைப் போலவே ஜப்தி செய்து வசூலிக்கச் சட்டம் இடந்தந்தது. மேலும் நிலத்தை ஈடு காட்டக் கூடியவனுக்கே அது எளிதிற் கிடைத்தது. நிலமில்லாதவன் முன்போலவே லேவாதேவிக்காரன் வாசலில் நின்றான்.

மலைமேல் வேறு இராஜ்யம்

மேற்கூறியவை யாவும் மலையடிவாரத்தோடு நின்றன. போடிமெட்டுக்கு அப்பால் திருவிதாங்கூர் சமஸ்தானம். அங்கே 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஏலம் சமஸ்தானத்தாரின் ஏகபோகமாயிருந்தது. பயிரிட்டவர் காயைச் சர்க்காரிடமே ஒப்புவிக்க வேண்டும். அவ்வேகபோகம் நீங்கி நிலவரி முறை வந்தது அந்நூற்றாண்டின் இறுதியிலேதான். காட்டைத் திருத்தியும் காய் பறித்தும் பாடுபட்டவருள் மதுரை ஜில்லாவின் மேற்குப்புறத்தாராகிய நம் நாட்டார் பலர். வீடு ஓர் அரசாங்கத்தின் கீழ், தோட்டம் மற்றோர் அரசாங்கத்தின் கீழ் என்னும் நிலை அன்றே ஏற்பட்டுவிட்டது.

1924ஆம் வருஷம் ஜூலை மாதத்துப் பெருவெள்ளம், கொல்லம் ஆண்டு 1099 ஆனமையால் மலையாள நாட்டில் ‘தொண்ணூற்றொன்பதின் வெள்ளம்’ என்று இன்றும் பேசப்படுவது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு இரயில் அவ்வெள்ளத்தில் அடியோடு அழிந்து மறுபடி எழவேயில்லை. டாப் ஸ்டேஷனிலிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவழியே கொட்டக்குடிக்கு இறங்கிப் போடிக்கு வண்டியேறி வந்த காலம் அது. மலைமேல் நேர்ந்த சேதம் மலையடியில் உள்ள வண்டிக்காரனையும் சுமையாளையும் எவ்வளவு விரைவில் தொடும் என்பதற்கு இதனினும் தக்க சான்று வேண்டா.

1956 நவம்பர் 1இல் மொழிவழி இராஜ்யங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு தாலூகாக்கள் தமிழர் எவ்வளவோ வாதாடியும் கேரளத்தோடு சேர்ந்தன. 1972இல் இடுக்கி ஜில்லா தோன்றிற்று. இப்பால் 1996இல் மதுரையினின்று தேனி ஜில்லா பிரிந்தது. அரசாங்கங்களின் பெயர் மாறினும் போடிமெட்டிலுள்ள எல்லைக்கோடு மாறவில்லை. இதனால் விளையும் முடிவு யாதெனில், பயிர்ச்சேத உதவி நிலம் எந்த இராஜ்யத்தில் உள்ளதோ அந்த இராஜ்யத்தின் ஏட்டைப் பொறுத்தது. உழவன் வீடு எங்கே என்பதைப் பொறுத்ததன்று. போடியில் குடியிருந்து உடும்பன்சோலைத் தாலூகாவில் தோட்டமுடையவர் தேனி கலெக்டரிடம் மனுச் செய்து பயனில்லை; கேரளத்துக் கிராம அதிகாரியிடமும் கிருஷி பவனிடமும் செல்லவேண்டும். ஏலமலைக் காப்புநிலம் காடா, வருவாய் நிலமா என்னும் விவகாரமோ உச்சநீதிமன்றம் வரை சென்றுள்ளது. நிலத்தின் உரிமைப் பத்திரத்திலேயே ஐயம் இருக்குமிடத்தில், அப்பத்திரத்தைக் காட்டிப் பெறவேண்டிய உதவிக்கு இடையூறு நேர்தல் இயல்பே.

கடன் மானியமான வரலாறு

சுதந்தரத்திற்குப் பின் நிவாரணம் மெல்லமெல்லக் கடனிலிருந்து மானியமாக மாறிற்று. இரண்டாவது நிதிக்கமிஷன் காலத்தில் இராஜ்யங்களுக்கு இதற்கென ஒரு தொகை ஒதுக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஒன்பதாவது நிதிக்கமிஷனின் யோசனைப்படி 1990இல் பேரிடர் நிவாரண நிதி பிறந்தது. 2005ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி 2010 முதல் அது மாநிலப் பேரிடர் மீட்பு நிதியாயிற்று. தமிழ்நாடு, கேரளம் போன்ற இராஜ்யங்களில் அந்நிதிக்கு மத்திய சர்க்கார் நான்கில் மூன்று பங்கும் மாநிலம் ஒரு பங்கும் இடுகின்றன. அதற்கு மேற்பட்ட பெருஞ்சேதத்துக்குத் தேசிய நிதி உண்டு.

முன்னர்ப் பாதி விளைவு அழிந்தாலன்றி உதவியில்லை. 2015 முதல் மூன்றிலொரு பங்கு, அதாவது 33 சதவீதம் அழிந்தாலே போதும் என்று விதி தளர்த்தப்பட்டது. 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா ஜில்லாக்களும் வறட்சி பாதித்தவையென அறிவிக்கப்பட்டபோது, நெல்லுக்கும் ஏனைப் பாசனப் பயிர்களுக்கும் ஏக்கருக்கு ரூ. 5,465, மானாவாரிக்கு ரூ. 3,000, நீண்டகாலப் பயிர்களுக்கு ரூ. 7,287 என்று கணக்கிடப்பட்டது. நிலவரியும் தள்ளப்பட்டது. அதாவது பழைய வஜாவும் புதிய மானியமும் ஒரே ஆணையில் சேர்ந்து வந்தன. 2021இல் 16 இலட்சத்துக்கு மேற்பட்ட விவசாயிகளின் கூட்டுறவுப் பயிர்க்கடன் ரூ. 12,110 கோடி தள்ளுபடியாயிற்று. தக்காவிக்காக மாட்டை ஜப்தி செய்த காலத்தோடு இதனை ஒப்பிடுவோர், நாடு நெடுந்தூரம் நடந்து வந்திருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ளவே செய்வர்.

கணக்கு காட்டும் உண்மை

இனி மலைப்பயிருக்கு வருவோம். 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய சர்க்கார் வகுத்த விதிப்படி, ஹெக்டேர் ஒன்றுக்கு மானாவாரிப் பயிருக்கு ரூ. 8,500, பாசனப் பயிருக்கு ரூ. 17,000, பல்லாண்டுப் பயிருக்கு ரூ. 22,500; ஒரு விவசாயிக்கு இரண்டு ஹெக்டேருக்கு மேல் இல்லை. ஏலம் பல்லாண்டுப் பயிர் வகையைச் சேர்ந்தது. ஆகவே தோட்டம் எவ்வளவு பெரிதாயினும் கிடைக்கத்தக்கது ரூ. 45,000. காய் கிலோ ஒன்று ரூ. 2,250 விலை போவதாகக் கொண்டால், ஹெக்டேர் மானியம் 10 கிலோ காயின் விலைக்குச் சமம். நெல்வயலுக்கும் ஏலத்தோட்டத்துக்கும் உள்ள வேற்றுமை இவ்விதியில் ரூ. 5,500 மாத்திரமே, மூன்று வருஷக் காத்திருப்பின் மதிப்பு அவ்வளவுதானா என்று கேட்பதில் தவறில்லை.

இதற்குச் சர்க்கார் பக்கத்து விடையும் உண்டு. இத்தொகை நஷ்டஈடென்று எங்கும் சொல்லப்படவில்லை. ‘இடுபொருள் மானியம்’ என்றே விதியில் உள்ளது. மறுபடி பயிர் வைக்க ஒரு கைதாங்கலே நோக்கம். அது நியாயமே. ஆனால் மனமிருந்தால் விதியை மீறியும் கொடுக்கலாகும் என்பதற்கு உதாரணமும் உளது. 2018 நவம்பர் 16இல் வேதாரண்யத்தருகே கரையேறிய கஜாப் புயல் தஞ்சைச் சீமையின் தென்னைகளைச் சாய்த்துவிட்டுத் திண்டுக்கல், தேனி வழியாக மலையையும் தாண்டிச் சென்றது. அப்போது தமிழ்நாட்டு அரசாங்கம் வீழ்ந்த தென்னை ஒன்றுக்கு ரூ. 600, அதனை வெட்டி அகற்ற ரூ. 500 ஆக மரத்துக்கு ரூ. 1,100 வீதம், ஹெக்டேருக்கு 175 மரங்களெனக் கொண்டு ரூ. 1,92,500 அளித்தது. பயிரின் வயதையும் மதிப்பையும் கணக்கிட வழியுண்டு என்பதை இது காட்டிற்று. தென்னைக்கு இயன்றது ஏலத்துக்கு ஏன் இயலாது?

சேதத்தை மதிப்பிடும் முறையிலும் மலைப்பயிருக்கு ஓர் இடர் உண்டு. வெள்ளத்தில் மூழ்கிய நெல்லைக் கண்ட மாத்திரத்தில் சேதம் இவ்வளவென்று சொல்லலாம். கோடை வறட்சியில் வாடிய ஏலச்செடியோ உயிரோடிருப்பது போலத் தோன்றி, பருவம் வந்தபின் சரம் விடாமல் ஏமாற்றும். அதிகாரிகள் பார்வையிட்டுச் சென்ற பின்னரே உண்மையான நஷ்டம் வெளிப்படுகிறது. 2024ஆம் வருஷத்துக் கோடையில் இடுக்கித் தோட்டங்கள் காய்ந்தபோது பலர் பட்ட துன்பம் இதுவே.

விலையேற்றம் நஷ்டத்தை ஈடுசெய்யுமென்று சிலர் கூறுவர். 2018 ஆகஸ்டு மாதத்து வெள்ளத்தாலும் அடுத்த வருஷத்து வறட்சியாலும் விளைவு சுருங்கியதன் பயனாக, 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ ரூ. 7,000 வரை விலை போயிற்று. உண்மையே. ஆயின் அவ்விலையைப் பெற்றவர் செடி பிழைத்தவரே. செடியை இழந்தவருக்கு விற்கக் காயேது?

ஏட்டில் பெயரில்லாதார்

இதுகாறும் கூறிய வஜா, தக்காவி, மானியம் ஆகிய மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. மூன்றும் நிலத்தைப் பற்றிச் செல்வன. ஏட்டில் யார் பெயர் உளதோ அவரைத் தேடிச் செல்வன. கர்ணம் பதவி 1980இல் ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் வந்தார். பணம் நேரே பாங்குக் கணக்கில் விழுகின்றது. இடையில் கைமாறும் தீமை குறைந்தது. ஆனால் யார் கணக்கில் விழுகின்றது?

வாய்ச்சொல்லால் குத்தகைக்கெடுத்து, கடன் வாங்கி எருவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு பாடுபட்டவன் பெயர் அடங்கலில் இல்லையாயின், நஷ்டம் அவனுடையது, உதவி நிலமுடையாருடையது. தமிழ்நாட்டில் 1955ஆம் வருஷத்துக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமும், குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கான 1969ஆம் வருஷத்துச் சட்டமும் உள்ளன. இருந்தும் பலர் எழுத்துக் கொடுக்க அஞ்சுகின்றனர். எழுதிக் கொடுத்தால் நிலம் திரும்பாதென்பது அவர்கள் அச்சம். இக்குறை வேற்றாரிடம் மாத்திரம் உளதென்று நாம் சொல்லிக்கொள்ளல் நேர்மையாகாது. நம் குலத்து நிலமுடையார் தம் குலத்துக் குத்தகைக் குடிக்கே சீட்டெழுதிக் கொடாத இடங்கள் உண்டு. சங்கத்து மேடையில் சகோதரரென்றும், தோட்டத்து வேலியில் அந்நியரென்றும் நடத்துவது எவ்வகையில் தகும்?

கூலியாட்களின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. விடியுமுன் ஜீப்பேறிப் போடிமெட்டைக் கடந்து செல்லும் ஆண் பெண்கள் எத்தனை பேர்! தோட்டம் அழிந்தால் அவர்கள் வேலை அழிகிறது. பாதை சரிந்தால் அன்றைய கூலி போயிற்று. 2020இல் கொள்ளைநோய்க் காலத்தில் எல்லை அடைபட்டபோது மாதக்கணக்கில் வருவாயற்றனர். பயிர்மானியத்தில் கூலிநாள் இழப்புக்கு இடமில்லை. அவ்வருஷம் ஆகஸ்டு 6இல் மூணாற்றையடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் குடும்பத்தார் 70 பேர் மாண்டனர். அவர்களிற் பெரும்பாலோர் தமிழர். உயிர் போனபின் சர்க்கார் உதவித்தொகை வந்தது. உயிரோடிருந்து வேலையிழப்பவனை இனங்கண்டு தாங்கும் ஏடு இன்னும் எழுதப்படவில்லை.

காப்பீடு என்னும் வழி

நிவாரணத்தை நம்பியிராமல் காப்பீடு செய்து கொள்ளலாமே என்பது மற்றொரு வாதம். இவ்வெண்ணம் புதிதன்று. அமெரிக்க நாட்டில் 1938இல் பயிர்க்காப்பீட்டுச் சட்டம் வந்தது. இலங்கையில் 1958இல் நெற்பயிர்க்காப்பீடு தொடங்கிற்று. இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1920இல், மைசூர் சமஸ்தானத்து ஜே. எஸ். சக்கரவர்த்தி என்பார், மழையின் அளவையே அடிப்படையாகக் கொண்டு உழவருக்குக் காப்பீடு வழங்கலாமென்று நூலெழுதினார். நம் நாட்டில் சர்க்காரின் வானிலை அடிப்படைப் பயிர்க்காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வர 2007 ஆயிற்று. ஏலத்துக்கும் கேரளத்தில் அத்தகைய காப்பீடு உண்டு. தோட்டப்பயிருக்கு விவசாயி செலுத்தும் பங்கு காப்புத்தொகையில் 5 சதவீதத்துக்கு மேற்படாது. எனினும் மழைமானி ஒரு மலைமுகட்டிலும் தோட்டம் மறு பள்ளத்திலும் இருக்குமிடத்தில், மானி காட்டும் மழையும் தோட்டத்தில் பெய்த மழையும் ஒன்றாயிருப்பதில்லை. அன்றியும் இங்கும் பத்திரம் வேண்டும். பத்திரமில்லாதான் இங்கும் வெளியே நிற்பான்.

நம் கடமை

சர்க்காரைக் கேட்கவேண்டுவன இரண்டு. செடியின் வயதையும் மறுபலன் தரும் காலத்தையும் எண்ணி ஏலத்துக்குத் தனி வீதம் வகுத்தல் ஒன்று. வறட்சிச் சேதத்தைப் பருவம் வந்தபின் இரண்டாம் முறை பார்வையிடல் மற்றொன்று. இவற்றை இரு மாநில அரசாங்கங்களிடமும் மனுவாகச் சமர்ப்பித்தல் சங்கத்தின் பொறுப்பு.

நாம் நமக்குள் செய்யவேண்டுவன அதனினும் அவசரமானவை. நிலமுடையார் தம் குத்தகைக் குடிகளுக்கு ஒவ்வொரு வருஷமும் எழுத்துச்சீட்டுக் கொடுப்பாராக. மானியம் தம் கணக்கில் விழுந்தால் பாடுபட்டவனுக்குரிய பங்கை மனமுவந்து அளிப்பாராக. பட்டா, அடங்கல், வரிரசீது முதலியவற்றை அவரவர் முன்கூட்டியே ஒழுங்கு செய்து வைத்தல் வேண்டும். வெள்ளம் வந்தபின் பத்திரம் தேடுவது வீண். எழுதப்படிக்கத் தெரிந்த இளைஞர் மாதத்துக்கொரு நாள் சங்கக் கட்டிடத்தில் அமர்ந்து, மலையாளத்தில் மனு எழுத வேண்டுவோருக்கும் பாங்குக் கணக்கில் பிழையுள்ளோருக்கும் உதவலாம். மகமைப் பணத்தில் ஒரு சிறு பகுதியை, வேலை நின்ற மாதங்களில் கூலிக் குடும்பங்களுக்கு அரிசியளிக்க ஒதுக்கி வைத்தல் நம் முன்னோர் வகுத்த தருமத்துக்கு முற்றும் ஏற்றதே.

வஜா காலத்தில் குடியானவன் இரக்கத்தை எதிர்பார்த்தான். தக்காவி காலத்தில் கடனை எதிர்பார்த்தான். இன்று மானியத்தை உரிமையாகக் கேட்கின்றான். அவ்வுரிமை ஏட்டில் பெயருள்ளவரோடு நின்றுவிடாமல், மண்ணில் கைவைத்தவர் யாவருக்கும் சென்று சேருமாறு செய்தல் நம் தலைமுறையின் வேலை. நிலமுடையாரும் நிலமில்லாரும் ஒருங்கே அங்கம் வகிக்கும் நம் சங்கம் இதனைத் தொடங்குதற்குத் தகுதியான இடமென்பது நம் துணிபு. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இதுபற்றி ஒரு தீர்மானம் கொண்டுவருமாறு அங்கத்தினர் யாவரையும் வேண்டிக்கொள்கின்றோம்.